உலோகத்துளியும் சரோஜா அக்காவின் வெண்டையும்

1

நான் ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருடம் நிறைந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. கேக் வாங்குவதா, பாயசத்தோடு நிறுத்திக்கொள்வதா என்று நானும் மகள் மிரியமும் பேசிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அண்ணி ஸ்டெல்லா வாட்ஸ்அப்பில் அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை. எடுத்த எடுப்பில் கேட்டார்:

"ஜெசி, நீ அங்க சொட்டப் பத்தித்தானே ஆராய்ச்சி பண்ற?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருடங்களில் ஊரிலிருந்து என்னிடம் கேட்கப்பட்டவை மூன்று கேள்விகள்தான். சாப்டியா, அங்க பனியா, எப்ப வர்ற. என் வேலையைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லவும் எனக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் ஊர் பொறையாற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டுக் கடைசியாக வந்து சேரும் கடைமடை. அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டு, அறுத்து, பிற்காலத்தில் ஒன்றரை ஏக்கர் சொந்தமாக்கினார். அதை இப்போது அண்ணனும் அண்ணியும் பார்க்கிறார்கள். அண்ணன் அறுவடை இயந்திரம் ஓட்டுபவர்; பாதி வருடம் வெளி மாவட்டங்களில்தான் இருப்பார். அண்ணி ட்ரோன் ஓட்டுகிறார். மகளிர் குழுவுக்கு ஒரு மருந்து தெளிக்கும் ட்ரோன் கிடைத்தபோது, பயிற்சிக்குப் போக முதலில் கை தூக்கியவர் அவர்தான். இப்போது சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

நடந்தது இதுதான். இரண்டு வாரத்துக்கு முன் அண்ணி எங்கள் சம்பா வயலுக்குக் களைக்கொல்லி தெளித்திருக்கிறார். நெல்லை ஒன்றும் செய்யாத மருந்து. அகன்ற இலைச் செடிகளைத்தான் கொல்லும். நாலைந்து நாள் கழித்துக் கிழக்கே பக்கத்து வயலில் சரோஜா அக்கா போட்டிருந்த வெண்டை, இலை இலையாகச் சுருண்டு திருகிக்கொண்டது. சரோஜா அக்காவும் அதே குழுவில் இருப்பவர். அண்ணியின் இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர். அவர் அண்ணியோடு பேச்சை நிறுத்திவிட்டு வேளாண்மை அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டார். விவகாரம் தீரும்வரை ட்ரோனைத் தொடக்கூடாது என்று குழுவும் சொல்லிவிட்டது.

"காத்தே இல்லாத நேரமாப் பாத்துத்தான் பறக்க விட்டேன், ஜெசி. பத்து மீட்டர் ஓரம் விட்டேன். ஒரு இலை ஆடல. அப்புறம் எப்படி அங்க போவும்? சொட்டு அவ்ளோ தூரம் போவாதுன்னு நீ ஒரு லெட்டர் எழுதிக் குடு. ஜெர்மனி சீலோட."

"பாக்கறேன் அண்ணி."

போனை வைத்ததும் மிரியம் கேட்டாள். "அத்தை யாரைக் கொன்னாங்க?"

களைக்கொல்லி என்ற சொல்லில் அவளுக்குப் பிடிபட்டது பின்பாதி மட்டும். அவளுக்குப் பதினாலு வயது. வீட்டுத் தமிழ் அவளுக்குச் சோறு, தூக்கம், கோபம் என்ற மூன்று எல்லைக்குள் நின்றுவிட்டது. நான் விளக்கினேன். அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று.

"அத்தை பைலட்டா?"

2

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணி கேட்டுவிட்டார், இனி யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

குடியுரிமை அலுவலகத்தில் ஒருமுறை என் தொழில் என்ன என்று கேட்டார்கள். என் ஜெர்மனில், துளிகளைக் கணக்கிடுகிறேன் என்றேன். அந்த மொழியில் மருந்துச் சொட்டுக்கும் அதே சொல்தான். அந்த அம்மாள் 'கண் சொட்டு மருந்தா?' என்று அக்கறையோடு கேட்டு, மருந்தாளுநர் என்று எழுதிக்கொண்டார். அதைத் திருத்த மூன்று கடிதங்களும் நாலு மாதமும் ஆயின.

நான் கணக்கிடுவது உருகிய உலோகத்தின் துளிகளை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு ஓர் உருக்குக் கோபுரம் நிற்கிறது. அதன் உச்சியில் மூசை என்ற உருக்குக் கலத்தில் எஃகை உருக்குவார்கள். மூசையின் அடியில் சுண்டுவிரலைவிட மெல்லிய துளை. துளை திறந்ததும் வெள்ளையாக ஒளிரும் ஓர் இழை கீழே இறங்கும். நாலாபுறமிருந்தும் நைட்ரஜன் வாயு ஒலியின் வேகத்தையும் தாண்டி அதன்மேல் பாயும். அவ்வளவுதான். இழை இருந்த இடத்தில் ஒரு நொடியில் கோடிக்கணக்கான துளிகள். பல துளிகள் தலைமுடியைவிட மெல்லியவை. பக்கத்துக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒளிரும் ஒரு புகைதான் தெரியும். அவை விழுந்துகொண்டே குளிர்ந்து, உறைந்து, அடியில் உள்ள கலத்தில் சாம்பல்நிறப் பொடியாகச் சேரும். அந்தப் பொடியிலிருந்து விமானப் பாகங்களும் செயற்கை இடுப்பு மூட்டுகளும் செய்வார்கள்.

ஒவ்வொரு துளியும் எவ்வளவு வேகமாகப் போகிறது, சுற்றியுள்ள வாயுவுக்கு எவ்வளவு வெப்பத்தை விடுகிறது, எந்த இடத்தில் உறைகிறது என்று கணினியில் எழுதுவது என் வேலை. பெரிய துளி சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு திரவமாகவே கிட்டத்தட்ட அடிவரை வரும். சின்னத் துளி கைநீளத் தூரத்துக்குள் கல்லாகிவிடும். இதில் என்னை இன்றுவரை வாயடைக்க வைக்கும் ஒன்று உண்டு. உறைய வேண்டிய வெப்பநிலை வந்த பிறகும் பல துளிகள் உறைவதில்லை. அதற்கும் கீழே, நூறு டிகிரிக்கும் மேல் கீழே போய், அப்போதும் திரவமாகவே பறந்துகொண்டிருக்கும். எங்கோ ஒரு புள்ளியில் முதல் படிகம் முளைத்ததும், கண்ணிமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குக்குள் உள்ளே அடைபட்டிருந்த வெப்பம் வெளிவந்து, குளிர்ந்துகொண்டிருந்த துளி தன்னைத்தானே மறுபடி சூடாக்கிக்கொள்ளும். யாரும் பற்றவைக்கவில்லை. முதன்முதலில் என் கணினித் திரையில் துளியின் வெப்பநிலையைக் காட்டும் வளைகோடு இறங்கி இறங்கிச் சட்டென்று மேலே குதித்தபோது, நிரலில் பிழை என்று நினைத்து ஒரு வாரம் தேடினேன். பிழை இல்லை. அது அப்படித்தான்.

ஆனால் ஒரு குறை. கோபுரத்துக்குள் அந்தப் புகைக்கு நடுவே ஒரு துளியை மட்டும் பின்தொடர்ந்து போய்ச் சரிபார்க்க எங்களிடம் வழியில்லை. கடைசியில் கிடைப்பது ஒரு கலம் நிறையப் பொடி. அதில் எந்த மணி எந்தத் துளியாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

3

அண்ணிக்காக என் நிரலில் எஃகை எடுத்துவிட்டுத் தண்ணீரை வைத்தேன். நைட்ரஜன் இருந்த இடத்தில் ஊர்க்காற்று. உறைவதைக் கணக்கிடும் பகுதியை எடுத்துவிட்டு, துளி ஆவியாவதைக் கணக்கிடும் பகுதி. ட்ரோனின் விசிறிகள் கீழே தள்ளும் காற்றைச் சேர்த்தேன். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. துளி ஒன்று, அதைச் சுற்றி வாயு, இரண்டுக்கும் நடுவே இழுபறி. ஆயிரத்து அறுநூறு டிகிரி எஃகுக்கு எழுதிய வரி எங்கள் சம்பா வயலுக்கும் பொருந்தியது.

தகவலெல்லாம் அண்ணி போனில் ஒவ்வொன்றாகச் சொன்னார். எவ்வளவு உயரத்தில் பறந்தது, என்ன வேகம், மருந்து தெளிக்கும் நாசில் எது. பயிற்சியில் கொடுத்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் படித்தார். ஒரு தகவல்கூடத் தப்பவில்லை.

முதல் கணக்கு அண்ணிக்குச் சாதகமாக வந்தது. கனமான துளிகள் நேராகப் பயிரில் விழுந்தன. நுண்துளிகள் வெயிலில் கரைந்து மேலே கலைந்துபோயின. பத்து மீட்டரைத் தாண்டி அநேகமாக ஒன்றும் போகவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஊருக்கு இத்தனை வருடத்தில் முதன்முறையாக உபயோகமாகிவிட்டேன். கடிதத்தைக்கூடத் தட்டச்சு செய்துவிட்டேன். 'மேற்கண்ட கணக்கீட்டின்படி' என்று தொடங்கும் கடிதம்.

கையெழுத்துப் போடும்போதுதான் உறுத்தியது. வெயில் என்று நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். நேரத்தைக் கேட்கவே இல்லை.

"அண்ணி, அன்னிக்கு எத்தன மணிக்குப் பறக்க விட்டீங்க?"

"காலைல அஞ்சே முக்கால். வெளிச்சம் வந்ததும். அப்பத்தானே காத்து இருக்காது? வரப்புல நடந்தா காலெல்லாம் பனில நனைஞ்சுது."

மறுபடி கணக்கிட்டேன். விடியற்காலையில் நிலம் குளிர்ந்து கிடக்கும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, எழும்ப முடியாமல் தரையோடு படுத்திருக்கும். ஈரம் நிறைந்த காற்றில் துளி உலராது. நுண்துளிகள் சீக்கிரம் விழவும் செய்யாது, மேலே கலையவும் கலையாது, அந்தரத்தில் நிற்கும். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் நிலத்திலிருந்து கடலைப் பார்த்து ஒரு மேலக்காற்று நகர்ந்துகொண்டிருக்கும். தோலில் தெரியாது, இலை அசையாது. ஆனால் நகரும். அது துளிகளை ஏந்திக்கொண்டு நேராகக் கிழக்கே, சரோஜா அக்காவின் வெண்டைக்குள் போனது. திரையில் அறுபது மீட்டர்வரை போனது. காற்றே இல்லை என்று அண்ணி தேர்ந்தெடுத்த நேரம்தான் எல்லாவற்றையும் கெடுத்திருந்தது.

4

இரண்டு நாள் போன் செய்யவில்லை. கடிதம் என் மேசையில் கிடந்தது. எழுதியதில் பொய் எதுவும் இல்லை. நண்பகலுக்கு அது முழு உண்மை. எந்த நேரத்துக்கான கணக்கு என்று மட்டும் போடாமல் அனுப்பினால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. அந்த எண்ணம் வந்தது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அண்ணியின் கையிலிருந்து அந்த ட்ரோனைப் பிடுங்கினால் அவருக்கு மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மிரியம் கடிதத்தைப் பார்த்தாள். தமிழ் படிக்க வராது, அதில் நான் சேர்த்திருந்த வரைபடத்தைப் பார்த்தாள்.

"இது அத்தையோடதா?"

"ஆமா. ஆனா தப்பான நேரத்துக்குப் போட்டது."

"அப்ப ஏன் இன்னும் வெச்சிருக்க?" அதை ஜெர்மனில் கேட்டாள். நான் கடிதத்தை எடுத்தேன். கிழித்துப் போட்டுவிட்டு அண்ணியைக் கூப்பிட்டேன்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நான் உன்கிட்ட கேட்டது லெட்டரு. நீ எனக்கே தீர்ப்பு எழுதிட்ட."

"அண்ணி, நீங்க வேணும்னு செய்யல. காத்து இல்லன்னு நெனச்சுத்தானே..."

"இங்க வந்து ஒரு நாள் அந்த வயல்ல நின்னியா? அங்க உக்காந்துக்கிட்டு, பாக்காத சொட்டு அறுபது மீட்டர் போச்சுங்குற. உன் கம்ப்யூட்டர் சொல்றத நான் எதுக்கு நம்பணும்?"

போனை வைத்துவிட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. என் துறையில் உள்ள எல்லாரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. கோபத்தில் கேட்டாலும் அண்ணி அதைச் சரியாகத்தான் கேட்டார்.

5

ஒன்பது நாள் கழித்து, நான் அலுவலக உணவகத்தில் வரிசையில் நிற்கும்போது போன் விடாமல் அதிர்ந்தது. அண்ணியிடமிருந்து படங்கள். முதல் படத்தில் ஒரு மஞ்சள் தாள். அதன்மேல் நிறையச் சிவப்புப் புள்ளிகள். அடுத்ததிலும் மஞ்சள் தாள், சற்றுக் குறைவான புள்ளிகள். இப்படிப் பன்னிரண்டு படங்கள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அழைத்தேன்.

"அண்ணி, இது என்ன?"

"மஞ்சக்கறை புடவைல சோப்பு பட்டா செவக்குமா இல்லியா?"

"செவக்கும்."

"அதான். வெள்ளப் பேப்பர மஞ்சத் தண்ணில முக்கிக் காய வெச்சேன். டேங்குல மருந்து இல்ல, சலவை சோடா கரைச்ச தண்ணி. எங்க வரப்புலேருந்து பத்து மீட்டருக்கு ஒரு கம்பு, கம்புக்கு ரெண்டு பேப்பர். அதே அஞ்சே முக்கால். அதே உயரம். சொட்டு வந்தா செவப்பு விழும். வரலன்னா உன் கம்ப்யூட்டர தூக்கி ஆத்துல போட்டுடுன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

நான் பன்னிரண்டு வருடம் ஆய்வுக்கூடத்தில் இருந்தவள். எனக்குத் தோன்றவில்லை.

"ட்ரோனத் தொட விட்டாங்களா?"

"சும்மா விடுவாங்களா? மருந்து இல்லாம ஒரே ஒரு தடவைன்னு குழுவுல கேட்டேன். சரோஜாக்கா எழுந்திருச்சு, என் வயல்ல கம்பு நடணும்னா நானும் இருப்பேன், என் பக்கத்துப் பேப்பர நான்தான் எண்ணுவேன்னாங்க. சரிக்கா எண்ணுங்கன்னேன். மூணு வாரம் கழிச்சு நாங்க பேசுன மொத வார்த்த அதுதான்."

பிறகு நடந்ததை அண்ணி சொன்னபடியே எழுதுகிறேன். பறந்து முடிந்ததும் இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து தாள்களைச் சேகரித்திருக்கிறார்கள். அண்ணி வரப்புப் பக்கத்திலிருந்து, சரோஜா அக்கா கிழக்குக் கோடியிலிருந்து. பத்தாவது மீட்டர் தாளில் நெருக்க நெருக்கமாகச் சிவப்பு. அதைப் பார்த்ததுமே அண்ணிக்குத் தெரிந்துவிட்டதாம். ஆனாலும் அடுத்த கம்புக்குப் போயிருக்கிறார். அதற்கடுத்த கம்புக்கும்.

"நாப்பதாவது மீட்டர்ல ரெண்டு பேரும் நேருக்கு நேர் வந்துட்டோம், ஜெசி. அவங்க கையில அவங்க பேப்பர், என் கையில என் பேப்பர். அக்கா அவங்க பேப்பர என் பக்கம் திருப்புனாங்க. என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னாங்க. நான்தான் சொன்னேன். 'அக்கா, நான்தான் செஞ்சிருக்கேன். தெரியாம செஞ்சிருக்கேன்.'"

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"'எண்ணி முடிச்சுட்டுப் பேசுவோம்'னாங்க."

அண்ணி சிரித்தாரா, மூக்கை உறிஞ்சினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை மிரியமும் நானும் சாப்பாட்டு மேசையில் படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொரு புள்ளியாக எண்ணினோம். சரோஜா அக்கா எழுதியனுப்பிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டோம். அவருடையது எங்களுடையதைவிடத் துல்லியமாக இருந்தது. முதல் இரண்டு கம்புகளில் என் கணக்கு தோற்றுப்போயிருந்தது. நான் சொன்னதைவிட இருமடங்குப் புள்ளிகள். அண்ணியைக் கேட்டேன்.

"திருப்பத்துல பம்பு நிக்க ஒரு செகண்டு லேட்டாவும். அந்த ஒழுகலாத்தான் இருக்கும். அது உன் கணக்குல இருக்கா?"

இல்லை. சேர்த்தேன். முப்பதாவது மீட்டரிலிருந்து எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. தாளில் உள்ள எண்களை என் வளைகோட்டின்மேல் ஒவ்வொன்றாக வைத்தேன். முப்பது. கோட்டின்மேல் உட்கார்ந்தது. நாற்பது. ஐம்பதில் சற்று விலகி மறுபடி அருகே வந்தது. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம், எஃகுக்காக எழுதிய நாலு சமன்பாடுகள், நான் பார்க்காத ஒரு விடியலில் தோலுக்கே தெரியாத காற்று எத்தனை துளிகளை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று சொல்லியிருந்தன. அந்தக் காற்றும் போய் அப்படியே வைத்திருந்தது.

"அம்மா, நீ அழற," என்றாள் மிரியம், தமிழில்.

6

அண்ணி இப்போது விடிந்ததும் பறப்பதில்லை. வெயில் ஏறி நிலம் சூடாகி, கடல் பக்கமிருந்து காற்று மெல்ல வரத் தொடங்கியதும்தான் எடுக்கிறார். அந்தக் காற்று சரோஜா அக்காவின் வயலிலிருந்து எங்கள் வயலுக்கு வரும். நுண்துளி வராத நாசிலாக மாற்றியும்விட்டார். சுருண்ட செடிகளைப் பிடுங்கி, புதிதாக வெண்டை ஊன்ற இரண்டு நாள் சரோஜா அக்காவோடு நின்றிருக்கிறார். சரோஜா அக்கா மனுவைத் திரும்ப வாங்கவில்லை. "ஆபீசர் வந்து இந்தப் பேப்பர பாக்கணும், ஸ்டெல்லா. நாலு ஊருக்குத் தெரியணும்," என்று சொல்லிவிட்டாராம். அலுவலர் வந்தார், பார்த்தார், படமெடுத்துக்கொண்டு போனார். ட்ரோன் அண்ணியிடமே இருக்கிறது. மிரியம் வாரம் ஒருமுறை அத்தையை நேரடியாக அழைக்கிறாள். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று என்னிடம் சொல்வதில்லை. பேட்டரி, உயரம், வேகம் என்ற சொற்கள் கதவைத் தாண்டி வருகின்றன.

போன மாதம் சுங்க அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம். இந்தியாவிலிருந்து வந்த தபாலில் மஞ்சள் நிறப் பொருள் இருக்கிறது, நேரில் வந்து விளக்கவும். அடையாள அட்டையோடு போனேன். இளவயது அதிகாரி ஒருவர் உறையை என் முன்னால் வைத்து, என்னையே பிரிக்கச் சொன்னார். பிரித்ததும் அறை முழுக்க மஞ்சள் வாசம். பன்னிரண்டு தாள்களையும் அண்ணி அப்படியே அனுப்பியிருந்தார்.

"இது என்ன?"

என் ஜெர்மன் இன்னும் அவசரத்தில் தடுக்கும். தாள்களை வரிசையாக மேசையில் பரப்பி, விரலால் காட்டிச் சொன்னேன். இங்கிருந்து ஒரு பெண் ட்ரோனைப் பறக்கவிட்டாள். இவை துளிகள். இது பத்து மீட்டர். இது இருபது. அவர் முதலில் கடமைக்குக் கேட்டார். முப்பதைத் தாண்டியதும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். கடைசித் தாளில் அவர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

"இது காலி?"

"இல்லை. நன்றாகப் பாருங்கள்."

ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஊசிமுனையைவிடச் சற்றுப் பெரிய ஒரு சிவப்புப் புள்ளி, தாளின் ஓரத்தில். தாளை இரண்டு கையாலும் திருப்பித் தந்து, ஒரு முத்திரை குத்தி, போகலாம் என்றார்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அந்தத் தாளின் பின்பக்கத்தைப் பார்த்தேன். சரோஜா அக்காவின் கையெழுத்து: 'எங்க வயல். அறுபது மீட்டர். ஒரு சொட்டு. எண்ணியது சரோஜா.'

கோடிக்கணக்கான துளிகளைக் கணக்கிட்டிருக்கிறேன். இந்த ஒன்று எங்கிருந்து கிளம்பியது, எந்தக் காற்றில் போனது, எங்கே போய் நின்றது என்று எனக்குத் தெரியும். கையுறையைக் கழற்றிவிட்டு அதன்மேல் விரலை வைத்தேன்.